ஒழுகும் ஏரி

கசிமீராஸ் தன் பெயரை எழுதி முடித்து, பிரஷ்ஷைத் துணியில் துடைத்துவிட்டு, சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே சமையலறை மேசையில் வந்து உட்கார்ந்த சிறிது நேரத்தில், சுவரோரம் சாத்தியிருந்த படத்தின் வலது மூலையிலிருந்து தண்ணீர் ஒழுக ஆரம்பித்தது. அவன் மனைவி யாத்விகா முதலில் கூரைதான் ஒழுகுகிறது என்று நினைத்தாள், ஏனென்றால் கூரையைச் சரிபண்ணச் சொல்லி அவள் போன பனிக்காலத்திலிருந்து கரடியாய்க் கத்திக்கொண்டிருந்தாள், அவனும் பார்க்கலாம் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். வாளியின் விளிம்பில் காயப்போட்டிருந்த தரைத்துணியை எடுத்துக் குனிந்து துடைத்தாள். துடைத்த இடம் மறுபடி நனைந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். மழைத் தண்ணீர் இல்லை. பாசியும் லிண்டன் பூவும் கலந்த அந்த ருசி அவளுக்குத் தெரியும். அது அவள் பிறந்த ஊரின் ஆற்றுத் தண்ணீர்.

"படம் ஒழுகுது," என்றாள்.

"எந்தப் படம்?"

"இப்பக் கையெழுத்துப் போட்டியே, அது."

"அப்ப ஒரு பாத்திரத்தை வை," என்று சொல்லிவிட்டு அவன் கறுப்பு ரொட்டியில் வெண்ணெய் தடவினான்.

வைத்தாள். ஆச்சரியப்பட அவளுக்கு நேரமில்லை, கோபப்படத்தான் நேரமிருந்தது. அந்தப் படத்தைப் பனிக்காலம் முழுவதும் மாவுப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்துவைத்து, அவன் வெளியே போகும்போதெல்லாம் எடுத்து வரைந்தவள் அவள். தனக்கென்று வரைந்த ஒரே படம் அது. காலையில் அவள் பால் வாங்கப் போயிருந்த நேரத்தில் அவன் அதைக் கண்டெடுத்து, இதுவரை வந்ததிலேயே இதுதான் உசத்தி என்று தெரிந்துகொண்டு, வழக்கமாகப் போடும் இடத்தில் வழக்கமாகப் போடும் பெயரைப் போட்டுவிட்டான்.

லித்துவேனியாவில் ஓர் ஆற்றங்கரையில் லியபினே என்று ஒரு கிராமம் இருந்தது, யாத்விகா அங்கே பிறந்தவள். நகரத்து ஓவியப் பள்ளிக்கு அந்தக் கிராமத்திலிருந்து போன முதல் பெண் அவள்தான், பள்ளியில் அவள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவன்தான் கசிமீராஸ். ஆசிரியர் அவள் படத்தின் முன்னால் ஒன்றும் சொல்லாமல் வெகுநேரம் நிற்பார், அவன் படத்துக்கு முன்னால் வந்ததும் டை நன்றாக இருக்கிறதே, எங்கே வாங்கினாய் என்று கேட்பார். அவனுக்கு நன்றாகப் பேச வரும். அவளுக்கு வராது. யுத்தம் முடிந்த வருஷம் கல்யாணம் செய்துகொண்டார்கள். ஓவியர் சங்கத்தில் ஒரு வீட்டுக்கு ஓர் ஓவியர் போதும் என்று சொன்னார்கள், அந்த ஒருவர் யார் என்று கேட்கவேண்டும் என்றுகூட அங்கே யாருக்கும் தோன்றவில்லை. வண்ணமும் கித்தானும் அவன் பெயரில் வந்தன, வடக்கு வெளிச்சம் விழும் அறை அவன் பெயரில் வந்தது, ரயில் நிலையச் சுவரில் கோதுமை வயல் வரையும் வேலையும் அவன் பெயரில்தான் வந்தது. வேலை தொடங்கும் வாரத்தில் அவனுக்குக் காய்ச்சல். அவள் சாரத்தில் ஏறி வரைந்தாள், காய்ச்சல் விட்டதும் அவன் வந்து கையெழுத்துப் போட்டான். அந்தக் காய்ச்சல் அதற்குப் பிறகு முப்பது வருஷம் நீடித்தது. பள்ளிக்கூடத்துப் பனிப்படம், அமைச்சகத்துக் குதிரைக் கூட்டம், நாடு முழுக்கச் சுவர் சுவராக அவன் பெயர் தொங்கியது. பேட்டி எடுக்க வருகிறவர்களுக்கு அவள் காபி போட்டுக்கொடுத்தாள். "உங்க வீட்டுக்காரருக்குக் கூடமாட உதவி பண்ணுவீங்களா?" என்று அவர்களில் யாராவது கேட்பார்கள். பிரஷ் கழுவுவேன் என்பாள். அது பொய்யும் இல்லை.

அப்புறம் அணை வந்தது. லியபினேயையும் அக்கம்பக்கத்து ஊர்களையும் தண்ணீருக்கு விட்டுவிடுவது என்று முடிவானபோது, உயிரோடிருந்தவர்களை ஏற்றிப்போக வண்டிகள் வந்தன, மாடு, கோழி, தேனீப் பெட்டி, கதவு, ஜன்னல், ஆப்பிள் கன்றுகள்கூட மேட்டுக்கு வந்து சேர்ந்தன. செத்தவர்களை ஏற்றிப்போக வண்டி வரவில்லை. மேட்டில் கட்டிய ஊருக்கு என்னவோ பெயர் வைத்தார்கள், ஆனால் எல்லோரும் புது ஊர் என்றே சொன்னார்கள். புகழ்பெற்ற ஓவியர் என்று கசிமீராஸுக்கும் அங்கே ஒரு வீடு கிடைத்தது. ஆண்டுக்கொருமுறை கல்லறைத் திருநாள் வரும், நாடே அவரவர் கல்லறைக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றும், புது ஊர்க்காரர்கள் மட்டும் கரையில் நின்று தண்ணீரைப் பார்த்து ஏற்றுவார்கள், ஏற்றி நிமிர்வதற்குள் காற்று அணைத்துவிடும். யாத்விகாவின் அம்மாவும் அந்தத் தண்ணீருக்கு அடியில்தான் கிடந்தாள். அவளுக்காகத்தான் அந்த ஏரியை வரைந்தாள். சாம்பல் நிறத் தண்ணீர், உற்றுப் பார்த்தால் அதற்கடியில் ஊர், மேட்டுக் கல்லறைத் தோட்டம், அதன் நடுவில் ஒரு லிண்டன் மரம். அந்தப் படத்தின் மூலையில்தான் கசிமீராஸ் என்று எழுதியிருந்தது, அங்கிருந்துதான் ஒழுகியது.

மூன்றாம் நாள் தண்ணீர் வாசற்படி தாண்டித் தெருவுக்கு வந்தபோது தீயணைப்பு நிலையத்து ஸ்டாசிஸ் வந்து எட்டிப் பார்த்தார். குண்டு மனிதர், எதற்கும் அவசரப்படாதவர்.

"குழாய் உடைஞ்சிருக்கா?"

"இல்ல. படம்," என்றாள் யாத்விகா, முட்டிக்கால் போட்டுத் துடைத்துக்கொண்டே.

"ஓ, படமா," என்றார் ஸ்டாசிஸ். "சமையலறையில வச்சா இப்படித்தான். மன்றத்துக்குக் கொண்டுபோயிடலாம், அங்க தரை சிமெண்ட்."

நான்கு பேர் சேர்ந்து படத்தைக் கலாச்சார மன்றத்துக்குத் தூக்கிப்போய் மாட்டினார்கள். ஊர் அதை ஏற்றுக்கொண்ட வேகத்தை நினைத்தால் யாத்விகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மழை தவறிய கோடை அது, கிணறுகள் தரைதட்டியிருந்தன. மன்றத்தின் சுவரில் ஓட்டை போட்டு வாய்க்கால் வெட்டி முட்டைக்கோஸ் பாத்திகளுக்குத் தண்ணீர் விட்டார்கள், பெண்கள் கம்பளி அலசினார்கள், வாத்துகள் மேடைக்கு முன்னால் குடித்தனம் வைத்தன, எப்போதாவது படத்திலிருந்து விரல் நீள மீன் ஒன்று துள்ளி விழுந்தால் அதைப் பிடித்தவர் வறுத்துக்கொள்ளலாம் என்று மன்றக் கூட்டத்தில் தீர்மானம்கூடப் போட்டார்கள். எல்லோரும் கசிமீராஸின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவன் அடக்கமாகத் தலையை ஆட்டினான். மன்றத்துத் தரையை மாலையில் துடைக்கும் பொறுப்பை, அந்தத் தண்ணீர் உங்கள் வீட்டிலிருந்து வந்ததுதானே என்று சொல்லி, யாத்விகாவிடம் விட்டார்கள்.

ஒருநாள் ஸ்டாசிஸ் நாடகம் நடத்த மேடை காயவேண்டும் என்று ஒரு தார்த்துணியைப் படத்தில் அங்கங்கே ஒட்டிப் பார்த்தார். வானத்தில் ஒட்டினார், நிற்கவில்லை. கரையில் ஒட்டினார், நிற்கவில்லை. மூலையில் எழுதியிருந்த பெயரின் மேல் ஒட்டியதும் சொட்டுக்கூட இல்லாமல் நின்றது. மன்றத்தில் இருந்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். எல்லோருக்கும் புரிந்தது. யாரும் யாத்விகாவின் முகத்தைப் பார்க்கவில்லை. மறுநாள் காலை தார்த்துணி பிய்ந்து கிடந்தது, தண்ணீர் பாத்திக்குப் போய்க்கொண்டிருந்தது.

பிய்த்தது மோர்த்தா. லியபினேயில் யாத்விகாவின் அடுத்த வீடு, புது ஊரிலும் அடுத்த வீடு, தேனீ வளர்ப்பவள்.

"நீதானே பிச்சு எடுத்த?" என்று வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டாள் யாத்விகா.

"ஆமா, நான்தான். எங்க முட்டைக்கோஸை வந்து பாரு, ஒவ்வொண்ணும் ஸ்டாசிஸ் தலை மாதிரி இருக்கு."

"அந்தப் படத்தை யாரு வரைஞ்சதுன்னு உனக்குத் தெரியாதா மோர்த்தா?"

"எனக்கு மட்டுமா தெரியும், ஊருக்கே தெரியும். உன் நகத்துல எப்பப் பாரு பெயிண்ட். அவன் நகத்தைப் பாரு, பல் டாக்டர் நகம் மாதிரி இருக்கு." அவள் வேலியில் சாய்ந்துகொண்டாள். "தெரிஞ்சு என்ன பண்ணச் சொல்ற? பெரிய மனுஷன் இருக்கிற ஊருன்னுதான் நமக்கு பஸ்ஸே விட்டான். உன் பேரை எழுதினா பஸ் நின்னுபோகும், தண்ணியும் நின்னுபோகும். ஒரு பேருக்காகவா?"

"எங்க அம்மா கிடக்குற தண்ணிடி அது."

"எங்க அம்மாவும் அங்கதான் கிடக்குறா. அவ ஒண்ணும் சொல்லலியே." பிறகு, சமாதானமாக, "கோவப்படாத. ஒரு பாட்டில் தேன் தர்றேன், எடுத்துட்டுப் போ."

யாத்விகா வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொண்டதற்காகத் தன்மேலேயே கோபப்பட்டாள். அந்தத் தேனில் கசிமீராஸ் தினமும் ரொட்டி தோய்த்துத் தின்றான், அதற்கும் கோபப்பட்டாள். கோபம் அவளுக்கு இடுப்பு வலி மாதிரி ஆகிவிட்டது, உட்கார்ந்தாலும் வலித்தது, எழுந்தாலும் வலித்தது, ஆனால் யாரிடமாவது சொன்னால் வயசாகிறதில்லையா என்றார்கள்.

இலையுதிர்காலம் வந்தது. பாத்திகளில் வேலை குறைந்ததும் மூழ்கிய ஊர்க்காரர்கள் இன்னொன்றைக் கண்டுபிடித்தார்கள். மன்றத்துக்குள் காற்று வராது. படத்தின் முன்னால் தண்ணீர் எட்டாத உயரத்தில் ஒரு பலகை போட்டு மெழுகுவர்த்தி வைத்தால் அணையாது. ஒருவர் வைத்தார், அடுத்தவர் வைத்தார், இந்த ஆண்டு கல்லறைத் திருநாளுக்குக் கரைக்குப் போவதில்லை, மன்றத்துக்கே வருவது என்று முடிவாயிற்று. அந்தச் செய்தி தலைநகரம்வரை போய், அருங்காட்சியகத்து அதிகாரி ஒருவர் அதே நாளில் வந்து, விழா நடத்தி, படத்தை எடுத்துப்போவதாகச் சொல்லி அனுப்பினார். படத்தோடு எப்போதைக்குமாக இருக்க, கசிமீராஸின் பெயரைப் பித்தளைத் தகட்டில் வெட்டிக் கொண்டுவருகிறார்களாம். அதிகாரி தண்ணீரை வேண்டாம் என்று சொல்லவில்லை, அருங்காட்சியகத்து முற்றத்தில் ஒரு தொட்டி கட்டியிருக்கிறோம் என்றார். ஊருக்கு ஒரு குழாய்க் கிணறு போட்டுக்கொடுக்கிறோம் என்றும் சொன்னதால் ஊரும் சரி என்றது.

விழாவுக்கு முந்தின நாள் கசிமீராஸ் கண்ணாடி முன்னால் நின்று டை கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். யாத்விகா அவன் பின்னால் போய் நின்றாள்.

"இந்த ஒண்ணு மட்டும் என் பேர்ல இருக்கட்டும்," என்றாள். "மத்ததெல்லாம் நீயே வச்சுக்க. ரயில் நிலையம், பள்ளிக்கூடம், குதிரை, எல்லாம். நான் வாயே திறக்கமாட்டேன். இது எங்க அம்மா."

அவன் கெட்டவன் மாதிரி பேசவில்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. பொறுமையாகத்தான் பேசினான். "யாத்விகா, யோசிச்சுப் பாரு. இது உன்னுதுன்னு சொன்னா, அப்ப அது யாருதுன்னு கேப்பாங்க. அதைச் சொன்னா அடுத்ததைக் கேப்பாங்க. ஒரு நூலை இழுத்தா முழு ஸ்வெட்டரும் பிரிஞ்சுடும். குளிர்காலத்துல ரெண்டு பேரும் எதைப் போட்டுக்கறது?"

"நான் எப்பப் போட்டேன் அந்த ஸ்வெட்டரை?"

"நாளைக்குக் கேக் செய்யறதானே?" என்று கேட்டான் அவன். "அதிகாரிக்கு ஆப்பிள் கேக் பிடிக்குமாம்."

செய்தாள். முட்டையை ஆத்திரத்தோடு அடித்ததில் கேக் அதுவரை இல்லாத அளவுக்கு உப்பி வந்தது.

கல்லறைத் திருநாளன்று பொழுது சாயும் நேரத்தில் மன்றம் நிறைந்துவிட்டது. எல்லோர் கையிலும் மெழுகுவர்த்தி, எல்லோர் காலிலும் ரப்பர் பூட்ஸ். அதிகாரி கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, மக்களின் துயரத்தைத் தன் துயரமாக உணர்ந்த மாபெரும் கலைஞர் என்று பேசினார். யாத்விகா சுவரோரமாகக் காபித் தட்டோடு நின்றாள், கேக்கை மேசையில் வைத்து மேலே துணி மூடியிருந்தாள். பேச்சு முடிந்து கைதட்டல் ஓய்ந்தபோது, வெரோனிகா என்ற கிழவி, லியபினேயில் மாவு மில் வைத்திருந்தவள், மெழுகுவர்த்தியோடு படத்தின் அருகே நகர்ந்து போனாள்.

"ஐயா," என்றாள் கசிமீராஸிடம், "எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. கல்லறைத் தோட்டம் இதுல எங்க இருக்கு? எங்க அம்மா லிண்டன் மரத்துக்குக் கீழ இருக்கா. இடத்தைக் காட்டுங்க, அதுக்கு நேரா வைக்கிறேன்."

கசிமீராஸ் நகரத்தில் பிறந்தவன். லியபினேக்கு மாமியார் வீட்டு விருந்துக்கு வந்திருக்கிறான், சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறான். சாம்பல் தண்ணீருக்கு அடியில் தெரிந்த மங்கலான உருவங்களை அவன் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்ப்பவன் மாதிரி பார்த்தான். பிறகு, பேச்சு வருகிறவன் அல்லவா, தயங்காமல் கையை நீட்டினான். "இதோ, இங்கதான் பாட்டி. இந்த மேடு."

வெரோனிகா அந்த இடத்துக்கு நேராகப் பலகையில் மெழுகுவர்த்தியை வைத்தாள். தண்ணீரில் முட்டி போட்டாள். அவள் பின்னால் வந்தவர்களும் அங்கேயே வைக்க ஆரம்பித்தார்கள். அது கல்லறைத் தோட்டம் இல்லை என்று மோர்த்தாவுக்குத் தெரியும், லியபினேக்காரர்களில் கண் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். மோர்த்தா தன் மெழுகுவர்த்தியைப் பார்த்தாள், அதிகாரியைப் பார்த்தாள், பித்தளைத் தகட்டைப் பார்த்தாள், எல்லோரும் வைக்கிற இடத்திலேயே அவளும் வைத்துவிட்டுக் குனிந்து சிலுவை போட்டுக்கொண்டாள்.

யாத்விகா காபித் தட்டைக் கீழே வைத்தாள். தண்ணீரில் அது மிதந்து போயிற்று.

"வெரோனிகா அக்கா, எழுந்திரு," என்றாள். "அது எங்க வீட்டுப் பன்றிக்கொட்டில்."

வெரோனிகா முட்டி போட்டபடியே திரும்பிப் பார்த்தாள். தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

"என்ன சொல்றாங்க இவங்க?" என்று அதிகாரி கேட்டார்.

"அவளுக்கு உடம்பு சரியில்ல," என்றான் கசிமீராஸ்.

"எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல," என்றாள் யாத்விகா. அவள் குரல் உயரவில்லை. கூட்டத்தைப் பார்த்துத்தான் பேசினாள். "இவன் கிடக்கட்டும். இவனுக்குத் தெரியாது. உங்களுக்கெல்லாம் தெரியும். முட்டைக்கோஸுக்காகப் பெத்தவளைப் பன்றிக்கொட்டில்ல தேடுறீங்களே, முட்டி போடும்போது நாத்தம்கூடவா அடிக்கல?"

பையிலிருந்து டர்பன்டைன் துணியை எடுத்தாள். அது எப்போதும் அவள் பையில் இருக்கும், பிரஷ் கழுவுகிறவள் அல்லவா. கசிமீராஸ் குறுக்கே வந்தான், ஆனால் ரப்பர் பூட்ஸ் போடாமல் மெருகேற்றிய தோல் ஷூவோடு வந்திருந்ததால் வழுக்கி, வாத்துகளுக்கு நடுவில் உட்கார்ந்தான். அவள் மூலையைத் துடைத்தாள். அழுத்தி, வட்டம் வட்டமாக, அந்தக் கோடை முழுக்கத் தரையைத் துடைத்த அதே மாதிரி துடைத்தாள். பெயர் கரைந்து சிவப்பாகத் துணியில் வந்தது. ஒழுகல் நின்றது.

பிறகு படத்துக்குள் ஏரி வடிய ஆரம்பித்தது. முதலில் லிண்டன் மரத்தின் உச்சி தெரிந்தது, அப்புறம் கூரைகள், மாவு மில், கிணற்றுக் கட்டை, கடைசியில் மேட்டின்மேல் கல்லறைத் தோட்டம், ஈரம் மினுங்கும் சிலுவைகளோடு, ஒவ்வொரு கல்லிலும் பெயரோடு. லியபினேயில் செத்துப்போன எல்லோருக்கும் அங்கே பெயர் இருந்தது. யாத்விகா பையிலிருந்து தன் பிரஷ்ஷையும் வண்ணத்தையும் எடுத்து, துடைத்த இடத்தில், அவன் பெயரைவிட இரண்டு மடங்கு பெரிதாகத் தன் பெயரை எழுதினாள். முப்பது வருஷத்துக்குப் பிறகு எழுதியதால் முதல் எழுத்து கொஞ்சம் கோணலாக வந்தது. அதை அவள் திருத்தவில்லை.

வெரோனிகா எழுந்து, நனைந்த பாவாடையைப் பிழிந்துவிட்டு, மெழுகுவர்த்தியைப் பன்றிக்கொட்டிலிலிருந்து எடுத்து மரத்துக்கு நேராக வைத்தாள். படத்துக்குள் ஒரு கல்லின்மேல் மஞ்சள் வெளிச்சம் விழுந்தது. ஒவ்வொருவராக இடம் மாற்றினார்கள். மோர்த்தா கடைசியில் வந்தாள்.

"தண்ணி இனிமே வராதா?" என்று மெதுவாகக் கேட்டாள். "இன்னும் ரெண்டு பாத்தி அறுக்காம கிடக்கு."

"வாளி தர்றேன், ஏரியில போய் மொண்டுக்க," என்றாள் யாத்விகா.

அப்போதுதான் மன்றத்து மூலையில் இருந்த தொலைபேசி அடித்தது. ஸ்டாசிஸ் எடுத்தார், கேட்டார், வைத்தார். வைத்ததும் மறுபடி அடித்தது. மறுபடி எடுத்தார். அவசரப்படாத அந்த மனிதர் மூன்றாவது தடவை வைத்தபோது நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"ரயில் நிலையத்துல கோதுமை கொட்டுதாம். கையெழுத்து இருக்கிற மூலையிலேருந்து. தண்டவாளம் மூடிப்போச்சு, ரயில் நிக்குது. பள்ளிக்கூடத்துல பனி, ரெண்டாவது மாடி வரைக்கும். அமைச்சகத்துல..." அவர் அதிகாரியைப் பார்த்துத் தயங்கினார். "அங்க குதிரைப் படம்ல. சாணி கொட்டுதாம். அமைச்சரோட அறை."

எல்லோரும் கசிமீராஸைப் பார்த்தார்கள். அவன் தரையிலிருந்து எழுந்தான், டையைச் சரிசெய்தான், வாயைத் திறந்தான். வாழ்நாளில் முதல்முறையாக அவனுக்குப் பேச்சு வரவில்லை. அதிகாரி பித்தளைத் தகட்டைக் கோட்டுப் பைக்குள் நழுவவிட்டார்.

"யாத்விகா," என்றான் கடைசியில், "கோட்டை எடுத்துப் போடு. போகலாம். நீ வந்து துடைச்சாத்தான் நிக்கும்."

அவள் தரைத்துணியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். வாளியையும் காலால் அவன் பக்கம் தள்ளினாள்.

"நீ முதல்ல போ. சாணியிலேருந்து ஆரம்பி."

பிறகு முன்வரிசை நாற்காலி ஒன்றை இழுத்துப்போட்டு, ஏரி இருந்த படத்துக்கு நேராக உட்கார்ந்து, கேக்கின்மேல் மூடியிருந்த துணியை எடுத்தாள். யாருக்கும் வெட்டிக்கொடுக்கவில்லை. தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது, ஸ்டாசிஸ் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அதை எடுக்காமல் நின்றார். அவள் தனக்கு ஒரு துண்டு வெட்டிக்கொண்டாள், பெரிய துண்டு, ஓரத்தில் சர்க்கரை கருகிய பக்கமாகப் பார்த்து.